காய்ச்சலை ஒளித்த பனடோல்

காலை எட்டு மணிக்குக் குகநாதனுக்குச் சூடு பார்த்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு, காய்ச்சல் இல்லை. சார்ட்டில் எழுதிவிட்டு நாடி பிடித்தேன். நாடி ஓடிப் பறந்தது. கை சில்லிட்டிருந்தது, உடுப்பெல்லாம் வேர்வை.

அவர் கொடிகாமத்தில் மரக்கறி வியாபாரம் செய்தவர். முப்பத்தாறு வயது. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிப் பத்தாம் நாள் அது. அதற்கு முந்தின நாள் வந்த றிப்போட்டில் வெள்ளணு வெறும் முந்நூறு. நாலாயிரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது. அந்தக் கவுண்டில் சீழும் பிடிக்காது, சளியும் கட்டாது, கிருமியோடு சண்டை பிடிக்க உடம்பில் ஆளே இல்லை. காய்ச்சல் ஒன்றுதான் நமக்குக் கிடைக்கும் அடையாளம். அதைக் கண்டு ஒரு மணித்தியாலத்துக்குள் அன்ரிபயோட்டிக் ஏற வேண்டும்.

வார்டில் நேர்ஸாக இருக்கும் நான் பொல்லாத மிஸ்ஸி என்று பெயரெடுத்தவள். பூ, வெட்டின பழம், கொதிக்காத தண்ணீர், இருமிக்கொண்டு வரும் சொந்தக்காரர் எல்லாவற்றையும் வாசலோடு திருப்பிவிடுவேன். இரண்டு நாளைக்கு முன் அவருடைய மனைவி சிவகௌரி, ஊர்க் கோயில் தீர்த்தத்தைச் சின்னப் போத்தலில் கொண்டுவந்திருந்தாள். வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

“சாமீன்ரை தண்ணியிலை என்ன மிஸ்ஸி கிருமி?”

“சாமியிலை இல்லையடி பிள்ளை, கோயில் செம்பிலை இருக்கு! கொண்டுபோய் ஊத்து. இனி இப்பிடி ஏதும் கண்டனெண்டால் உன்னை உள்ளுக்கே விடமாட்டன்.”

அதெல்லாம் நினைவில் வர, அவளைத் திரும்பிப் பார்த்தேன். ஹான்ட்பாக்கை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

“காய்ச்சலுக்குப் பனடோல் குடுத்தனியோ?”

பாக்கின் வாயைக் கையால் பொத்தினாள்.

“ஏசமாட்டன் பிள்ளை. ஆள் தப்பவேணும், உண்மையைச் சொல்லு.”

“ஓம் மிஸ்ஸி. விடிய அஞ்சு மணிக்கு உடம்பு நெருப்பாக் கொதிச்சது. ரெண்டு குடுத்தனான்.” அழத் தொடங்கினாள். “அண்டைக்குத் தீர்த்தத்திலை அவருக்கு ஒரு மிடறு பருக்கிப்போட்டுத்தான் மிச்சத்தை ஊத்தினனான். காய்ச்சலைக் கண்டால் அதையும் கண்டுபிடிச்சு என்னை வெளியாலை விட்டிடுவியள் எண்டு பயம். அவரைத் தனிய விட்டிட்டு நான் எங்கை போறது?”

மூன்று மணித்தியாலம் போயிருந்தது. டொக்டரைக் கூப்பிட்டேன். பிரஷர் எண்பதுக்குக் கீழே. கிருமி பார்க்கும் கல்ச்சருக்கு இரத்தம் எடுத்தோம், சேலைன் ஓடவிட்டோம். மருந்தைக் கரைத்து ஏற்றினேன். இருபத்தேழு வருஷ வேலையில் அப்படிப் பயந்ததில்லை. ஐயோ, இந்த ஆள் என் வாயால் சாகப்போகிறாரே என்ற பயம்.

“எப்ப தொடங்கினது சிஸ்டர்?” என்று டொக்டர் கேட்டார்.

“அஞ்சு மணிக்கு.”

அவர் சார்ட்டில் நான் எழுதியிருந்த சூட்டைப் பார்த்தார். ஐசியுவுக்குக் கொண்டுபோனோம்.

நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்ச்சரில் கிருமி வந்தது. அது தீர்த்தத்தால் வந்ததா, அவருடைய குடலிலேயே இருந்ததா என்று சொல்ல முடியாது, இரண்டும் நடக்கும் என்றார் டொக்டர். ஆனால் அந்த மூன்று மணித்தியாலம் எதனால் போனது என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் பிரஷர் நிமிர்ந்து, ஆள் கண் திறந்துவிட்டார் என்று ஐசியுவில் சொன்னார்கள். அதைச் சிவகௌரிக்குச் சொல்ல ஓடினேன். வெளியே வாங்குப் பலகையில் இருந்தவள் என்னைக் கண்டதும் துடித்து எழும்பினாள்.

“நான் ஒண்டும் குடுக்கேல்லை மிஸ்ஸி.”

வார்டுக்குப் புதிதாக வரும் நேர்ஸ் பிள்ளைகளே, கை கழுவுவதையும் மாஸ்க் போடுவதையும் உங்களுக்கு எல்லோரும் சொல்லித் தருவார்கள். காய்ச்சல் என்று சொல்ல வருகிறவர் உங்கள் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சிவகௌரியின் கையைப் பிடித்து, “அவர் கண் முழிச்சிட்டார்” என்று நான் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. முதல் இரண்டு தரமும் அவள், ஏசப்போகிறேனோ என்று என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.