மூன்றாவது வரி

எங்கள் வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சாக்கடையில் கை விடுவார். ஞாயிற்றுக்கிழமையானால் தெருமுனையில் பேக்கரி வைத்திருக்கும் தம்பியின் மாவுக் கிடங்கில் நின்று ப்ளூஸ் என்கிற அமெரிக்கச் சோகப் பாட்டைப் பாடுவார். தம்பி டிரம்ஸ் அடிப்பார், கடைப் பையன் கிட்டார் வாசிப்பான். "இந்தக் குரலை வெச்சுக்கிட்டு ஊரைக் கெடுக்காதீங்க" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே!

ப்ளூஸ் பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. ஒரே வரியை இரண்டு தரம் பாட வேண்டும். மூன்றாவது வரி அதற்குப் பதில் சொல்லும். இவர் தானே ஒன்று கட்டி வைத்திருந்தார். "ஊருக்கெல்லாம் குழாய் போட்டேன், என் வீட்டுல தண்ணியில்ல" என்று இரண்டு தரம் இழுப்பார். மூன்றாவதாக, "தாகமின்னு கேட்டு நின்னா, பொண்டாட்டிகிட்ட பேச்சில்ல" என்று முடிப்பார். கேட்க வந்த கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். என் மானத்தைக் கப்பலேற்றுகிற அந்த வரிக்காக நான் போடாத சண்டையில்லை.

கொஞ்ச நாளாக அவருக்கு மறதி. சாவியை மறப்பது, கண்ணாடியை மறப்பது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். இவரோ ஒரு வீட்டில் குழாயைக் கழற்றி, அதைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு வந்து, "இது யாரோடது?" என்று என்னைக் கேட்டார். அங்கே கட்டில் மெத்தை வரை நனைந்து ஒரே ரகளை. டாக்டரிடம் போகலாம் என்றதற்கு வள்ளென்று விழுந்தார்.

"ப்ளூஸ் விழாவுல பாடுறேன், வந்து பாரு. ஒரு வார்த்தை தவறினாலும் நீ சொல்ற டாக்டர்கிட்ட வர்றேன். தவறலைன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

சரி என்றேன். அவர் ஜெயிக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

ஆற்றோர மைதானத்தில் மதியமே விழா களைகட்டிவிட்டது. எங்களுக்கு முன்னால் வரிசையாகக் குழுக்கள். ஒரு பெண் கிட்டாரை அணைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி பாடினாள். ஜனம் எழுந்து ஆடியது. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வார்த்தைகள் தானாக வந்து விழுந்தன, பாவி மகளுக்கு! எனக்கு வயிறு எரிந்தது. அடுத்து ஒரு கிழவர் மவுத் ஆர்கன் ஊதினார். கொடுத்து வைத்தவர், அவருக்கு வார்த்தையே வேண்டாம்.

பிறகு இவரைக் கூப்பிட்டார்கள்.

முதல் வரி வந்தது. குரல் கணீரென்றிருந்தது. இரண்டாம் தரமும் வந்தது. நடுவில் பையன் கிட்டார் வாசித்த நேரத்தில், "பொண்டாட்டி, பொண்டாட்டி" என்று உதட்டை அசைத்தேன். என் மானம் போனால் போகட்டும், அந்த வரி வந்தால் போதும் என்றிருந்தது. அவர் என்னை நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "ஊருக்கெல்லாம் குழாய் போட்டேன்" என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

பக்கத்தில் இருந்தவன் விசிலடித்தான். நான்காம் தரமும் அதே வரி. கூட்டம் கை தட்டித் தாளம் போட்டது. ஐந்தாம் தரம் மைதானமே சேர்ந்து பாடியது. அவர் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் கீழே விழுந்த திருகாணியைத் தேடுவதுபோல மேடைத் தரையில் அலைந்தது. அன்றைக்கு வேறு எந்தக் குழுவுக்கும் அவ்வளவு கைதட்டல் இல்லை. நானும் தட்டினேன். வேறென்ன செய்ய?

இறங்கி வந்ததும் பேக்கரித் தம்பி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, பின்னிட்டீங்க! ஒரே வரியை வெச்சு எல்லாரையும் ஆட விட்டுட்டீங்களே! அண்ணி, இன்னைக்கு நீங்க தப்பிச்சீங்க!"

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மேடையில் அடுத்த குழு ஒயர்களை மாட்டிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"நம்மள எப்பக் கூப்பிடுவாங்க? எனக்கு ஒரே படபடப்பா இருக்கு."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"கூப்பிடுவாங்க," என்றேன். "வந்து எம் பக்கத்துல உட்காருங்க."