ஏழாம் நம்பர்க்காரி

எங்கள் வீட்டில் கூடைப்பந்து ஆடத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். அதைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் மற்ற எல்லோரும்.

பெரியப்பாவின் உரக்கடை வாடிப்பட்டியில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. காலையில் கடை திறந்ததும் யூரியா மூட்டைகளின் மேல் மூன்று பேர் உட்கார்ந்துவிடுவார்கள். கடைக்காரரான பெரியப்பா, மதுரையில் தல்லாகுளம் பக்கம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, மினி வேன் ஓட்டிக்கொண்டிருந்த மாமா. இந்த மூவரில் ஒருவர்கூட வாழ்நாளில் பந்தைத் தரையில் தட்டியவர் இல்லை. ஆனாலும் பூச்சிமருந்து வாங்க வந்த சம்சாரியை நிறுத்திவைத்து, கூடையில் பட்டுத் திரும்புகிற பந்தை எப்படி எடுக்க வேண்டும் என்று அவருக்கு வகுப்பு நடத்தாமல் விடமாட்டார்கள். அவரும் தலையாட்டிவிட்டு, நெல்லுக்கு என்ன மருந்து என்று மறுபடி முதலிலிருந்து கேட்பார்.

நான் அப்போது நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். கோடை விடுமுறை என்பதால் மூட்டைகளில் ஒன்று எனக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது.

அந்த வாரம் முழுக்கக் கடையில் ஒரே பேச்சுதான். வருடாவருடம் மே மாதத்தில் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் பெண்களுக்கான போட்டி நடக்கும். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். எப்படியும் அதில் அக்கா ஆடும் எங்கள் ஊர் அணியோடு மோதப்போகிறவர்கள் அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அணிதான் என்று மூவரும் சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் முன்பே தீர்மானித்துவிட்டார்கள். அந்த அணி எங்களை இரண்டு வருடம் தொடர்ந்து தோற்கடித்திருந்தது. ஒழுங்காக ஆடுகிறவர்களால் எங்களைத் தோற்கடிக்க முடியாது என்பதால், அவர்கள் ஒழுங்காக ஆடவில்லை என்பது கடையின் முடிவு.

“அந்த ஏழாம் நம்பர்க்காரி இருக்காளே, அவ பந்தப் பாக்குறதே இல்ல மச்சான். ஆளத்தான் பாக்குறா,” என்றார் மாமா. “எவளுக்கு எங்க அடிபட்டிருக்குன்னு மோப்பம் பிடிச்சு, அங்கனயே போயி இடிப்பா. பூராம் போங்காட்டம்.”

“ரெப்ரி அந்தப் பக்கம் திரும்புனா, பின்னாடி சட்டையப் பிடிச்சு இழுக்குறாளுகளாம்ல,” என்றார் பெரியப்பா.

அப்பா கோர்ட்டில் வேலை பார்ப்பவர். சாட்சி இல்லாமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். மாமா உடனே போனை எடுத்து, போன வருடம் எடுத்த வீடியோவை ஓட்டினார். பாதித் திரையை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. மீதிப் பாதியில் யாரோ ஒருத்தி விழுந்தாள். விழுந்தது எங்கள் பெண்ணா அவர்கள் பெண்ணா என்பது கடைசிவரை விளங்கவில்லை. அப்பா மூன்று தடவை பார்த்துவிட்டு, “இது போதும்,” என்றார்.

கடைக்கு வந்தவர்களும் தங்களால் முடிந்ததைச் சேர்த்தார்கள். ஏழாம் நம்பர்க்காரி நகமே வெட்ட மாட்டாள் என்றார் ஒருவர். ஆளைக் கீறுவதற்கென்றே வளர்க்கிறாளாம். கைப்பட்டைக்குள் ஊக்கு வைத்திருக்கிறாள் என்றார் இன்னொருவர். நான் எல்லாவற்றையும் நம்பினேன். வாரக் கடைசிக்குள் என் மனசில் அவளுக்குக் கோரைப்பல்லே முளைத்துவிட்டது.

எனக்கு அவள் மேல் அம்புட்டுப் பயம் இருந்ததற்குக் காரணம் உண்டு. இறுதி ஆட்டத்தைப் பார்க்க மதுரையிலிருந்து ஒரு கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வருகிறார் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வருடம் அவர் ஒரே ஒரு பெண்ணைத்தான் எடுப்பார். எடுத்தால் படிப்பும் விடுதியும் இலவசம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த அக்காவுக்கு அந்த இடம் கிடைத்தால் கல்லூரி. கிடைக்காவிட்டால் பெரியப்பா கடையில் பில் போட வேண்டியதுதான். அப்பா அதை வருத்தத்தோடுதான் சொன்னார், ஆனாலும் சொல்லிவிட்டார்.

இந்த நேரம் பார்த்து அக்கா இடது முட்டியைத் திருகிக்கொண்டிருந்தாள். போட்டிக்குப் பத்து நாள் முன்பு பயிற்சியில் நடந்தது. வீட்டுக்குள் கதவைச் சாத்தி எண்ணெய் போட்டு நீவினார்கள். முழுக்கால் டவுசருக்குள் பட்டை கட்டிக்கொண்டு அவள் வெளியே ஒன்றும் நடக்காதவள்போல நடந்தாள். விஷயம் தெரிந்தால் பயிற்சியாளர் எடுக்க மாட்டார், ஏழாம் நம்பர்க்காரி சும்மா விட மாட்டாள். “வெளிய மூச்சு விட்ட, வாயிலயே போடுவேன்,” என்று அம்மா என்னிடம் தனியாகச் சொல்லிவைத்தாள்.

சனிக்கிழமை கடை சொன்னபடியே இரண்டு அணிகளும் ஜெயித்தன. அன்றைக்குக் கடையில் பேச்சு சுற்றிச் சுற்றி ஜல்லிக்கட்டுக்குப் போனது. எதிரணி அந்தப் பக்கத்து ஊர் என்பதால் போகாமல் இருக்காது. மாமா சொன்னார்: “வாடிவாசல்ல மொதல்ல கோயில் மாட்டத்தான் அவுத்துவிடுவாய்ங்க. எம்புட்டு முரட்டு ஆளா இருந்தாலும் சரி, இது கோயில் மாடு, யாரும் தொடாதீங்கன்னு மைக்குல ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். அம்புட்டுப் பேரும் ஒதுங்கி நின்னு கும்பிடுவாய்ங்க.”

அது எனக்குள் நன்றாக இறங்கிவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை நாளாக இவர்கள் மூட்டை மேல் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்கிறார்களே தவிர, அந்த ஏழாம் நம்பர்க்காரியிடம் போய் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் அவளுக்கு எப்படித் தெரியும்? பெரியவர்களுக்கு இதுகூடத் தோன்றவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வெளியூர் அணிகளைப் பள்ளி வகுப்பறைகளில் தங்கவைத்திருந்தார்கள். ஞாயிறு காலை வெயிலுக்கு முன் ஏழரைக்கே ஆட்டம். ஆறு மணி சுமாருக்குப் பால் வாங்கப் போகிறவள்போலத் தூக்குவாளியோடு கிளம்பி, நேராகப் பள்ளிக்குப் போனேன். ஏழாம் நம்பர் சட்டை ஒரு பெஞ்சில் கிடந்தது. அதன் பக்கத்தில் மெலிந்த பெண் ஒருத்தி உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு முதலில் இவள்தானா என்று சந்தேகமாகிவிட்டது.

“அக்கா, நீங்கதான் ஏழாம் நம்பரா?”

“ஆமா. நீ யாரு?”

நான் யாருடைய தங்கை என்று சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கக்காவுக்கு எடது முட்டியில அடிபட்டிருக்கு. அங்கன மட்டும் இடிச்சிராதீங்க.”

“யாரு உன்னைய அனுப்புனா?”

“யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்.” காரணமும் சொல்லிவிட்டால் நல்லது என்று பட்டது. “இன்னிக்கு நல்லா ஆடுனா எங்கக்காவுக்குக் காலேஜுல சீட்டு. ஒரே சீட்டுதான் இருக்காம். அது எங்கக்காவுக்குத்தான்.”

அவள் மறுபடி குனிந்துகொண்டாள். மிச்சமிருந்த இரண்டு விரல்களுக்கும் நகம் வெட்டி முடித்தாள். “ரொம்ப வலிக்குதா உங்கக்காவுக்கு?” என்று கேட்டாள்.

“படி எறங்குறப்ப அழுவா,” என்றேன். அது பொய். அக்கா ஒருநாளும் அழுததில்லை. சொல்கிறதைக் கொஞ்சம் பலமாகச் சொல்லிவைப்போமே என்று நானாகச் சேர்த்ததுதான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

“சரி, நீ போ,” என்றாள் அவள். தொடமாட்டேன் என்றும் சொல்லவில்லை, தொடுவேன் என்றும் சொல்லவில்லை. அவள் சொன்ன ‘சரி’யை எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்கு ஓடினேன். பால் வாங்க மறந்துபோனதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆட்டத்தில் அந்த மெலிந்த பெண் வேறு ஆளாக இருந்தாள். பந்து எங்கே போகப்போகிறது என்று பந்துக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருந்தது. பெரியப்பாவும் மாமாவும் அவள் எங்கே நின்றாலும் “போங்கு, போங்கு” என்று கத்தினார்கள். அவள் பாட்டுக்கு ஓரமாக நின்று தண்ணீர் குடித்தபோதும் கத்தினார்கள். நான் வேறு எதையும் பார்க்கவில்லை, அக்காவின் இடது காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அதை இடிக்கவில்லை.

கடைசி அரை நிமிடத்தில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். அக்கா பந்தோடு இடது ஓரமாகப் பாய்ந்தாள். ஏழாம் நம்பர்க்காரி குறுக்கே வந்து காலை ஊன்றினாள். அங்கே நின்றிருந்தால் அக்காவின் முட்டி நேராக அவள் காலில் மோதியிருக்கும். முதலில் வந்து நின்றவள் அவள்தான் என்பதால் அது தப்பும் இல்லை, எந்த நடுவரும் ஊதியிருக்க மாட்டார். இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் பார்த்தது, அவள் ஊன்றிய காலைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டதை மட்டும்தான். அக்கா உள்ளே போனாள், பந்தும் உள்ளே போனது.

மைதானம் முழுக்க எங்கள் ஊர் ஓடியது. அந்தப் பக்கம் அவர்களுடைய பயிற்சியாளர், “கால ஏன்டி இழுத்த?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தபடியே இருந்தாள்.

கல்லூரிக்காரர் அப்பாவிடம் வந்தார். அக்கா மாலையோடு பக்கத்தில் நின்றாள். “ரெண்டு பொண்ணுகளக் குறிச்சு வச்சிருந்தேன் சார். உங்க பொண்ணு, அந்த ஏழாம் நம்பர். உண்மையச் சொன்னா அதுதான் ஒரு படி மேல இருந்துச்சு. கடைசில பயந்து ஒதுங்கிருச்சு. அப்படி ஒதுங்குறவங்கள வச்சு நான் என்ன பண்றது?” என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

நான் நழுவி ஏழாம் நம்பர்க்காரியிடம் ஓடினேன். துண்டை உதறித் தோளில் போட்டபடி அவளுடைய அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். “போவம் தாயி, பஸ்ஸு வந்துரும்,” என்றார். அவள் சட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். “தேங்க்ஸ்க்கா,” என்றேன். என் தலையில் கை வைத்தாள். “முட்டியப் பாத்துக்கச் சொல்லு உங்கக்காவ,” என்றாள். திரும்பினால், மைதானத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது, “அவகிட்ட உனக்கு என்ன பேச்சு?” என்று கேட்டாள். நான் ஒன்று விடாமல் சொன்னேன். பால் வாளி, நகவெட்டி, ஒரே சீட்டு, படியில் அழுவது எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, என்னைத் தூக்கிச் சுற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் நடுரோட்டில் நின்றாள். மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, முட்டியை லேசாக இழுத்தபடி விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள். வீட்டு ரகசியத்தை வெளியே விட்டதற்குத்தான் கோபம் என்று நினைத்தேன். ஜெயித்த பிறகுமா அதைப் பார்ப்பார்கள் என்று எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

மறுநாள் கடையில் ஒரே கொண்டாட்டம். வந்தவர்களுக்கெல்லாம் டீ. “கடைசிப் பந்துல பாத்தியா மாப்ள, கால விட்டுத் தட்டப் பாத்தா. இம்புட்டுப் போங்காட்டம் ஆடியும் நம்ம புள்ளய ஒண்ணும் பண்ண முடியல,” என்றார் பெரியப்பா. அவள் காலை எடுத்துக்கொண்டாள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

அப்போதுதான் அப்பாவுக்குச் சாப்பாட்டுப் பை கொண்டுவந்த அக்கா வாசலில் நின்றாள். பையை வைத்தாள். “போங்காட்டம் ஆடுனது அவ இல்ல பெரியப்பா. நாமதான்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எங்கள் அணியில் யார் அப்படி ஆடியது என்று ஒவ்வொரு நம்பராகச் சொல்லிப் பார்த்தார்கள். எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. நான்காம் நம்பரா, பதினொன்றா என்று, நானும் மூட்டை மேல் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.