இறுதி ஆட்டத்தில் அறுந்த வயர்

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலை மூடியபோது என் கணவர் பந்தைத் துடுப்பால் தட்டிப் புள்ளி எடுக்கும் பழைய பின்பால் மெசின் ஒன்றை வாங்கி வந்தார். விளையாடுவது அவர், பழுது பார்ப்பது நான். இந்தக் குளிரிலும் ஈரத்திலும் உள்ளே இருக்கும் கம்பி முனைகள் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். வாரமெல்லாம் தேயிலை பெக்டரியில் நின்ற காலோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் மெசினின் மேல் கண்ணாடியைக் கழற்றி அவற்றைச் சுரண்டிக்கொண்டிருப்பேன்.

போன மாதம் ஹட்டனில் பின்பால் போட்டி நடந்தது. எங்கள் மெசினையும் லொறியில் ஏற்றிப் போனோம். அதில் நடந்த இறுதி ஆட்டத்தில் என் கணவர் முதலில் ஆடி நல்ல புள்ளி எடுத்தார். அடுத்தவர் ஆடும்போது, பந்தைத் தட்டும் இடதுபக்கத் துடுப்பு அசையாமல் நின்றுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் திறந்து, அறுந்திருந்த வயரைப் பற்றவைத்தேன். அந்த ஆள் மிச்சப் பந்துகளை ஆடி என் கணவரை ஜெயித்துவிட்டார்.

திரும்பி வரும்போது லொறியில் என் கணவர் கேட்டார்: "சரி பண்ண முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"தோணுச்சுங்க. அதுக்குள்ள கை ஸ்குருவக் கழட்டிருச்சு."

அதற்குப் பிறகு அவர் இரண்டு வாரம் மெசின் பக்கமே போகவில்லை. அவரைச் சமாதானப்படுத்த எனக்குத் தெம்பில்லை. உண்மையில், அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நன்றாகத் தூங்கினேன்.