தங்கத்தைத் தொட்ட அடுக்கு

அவருடைய வலது கை சூட்டுக் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்புகிறது. இடது கை காற்றில் அசையாமல், 'யாரும் பேசாதீங்க' என்பதுபோல நிற்கிறது. காற்றை முழுக்க உறிஞ்சிய இரும்புக் கலம். அதன் அடியில் சிட்டிகைப் பச்சைத் தூள். மேலே கவிழ்த்து மாட்டிய தங்கத் தகடு. தூள் ஆவியாகி எழும்பித் தகட்டில் ஒரே அடுக்காகப் படிய வேண்டும். அதுதான் அவர் வேலை. ஆய்வுக்கூடத்தில் அவர் பெயரே 'ஆவி அண்ணன்'.

அந்தத் தூளின் ஒவ்வொரு மூலக்கூறும் தனிக் காந்தம். நன்றாகக் குளிரவைத்து ஒரு பக்கம் திருப்பிவிட்டால், திரும்பிய திசையை நினைவில் வைத்திருக்கும். உலோகத்தில் உட்கார்ந்தால்தான் வம்பு. "தனியா இருக்கிற வரைக்கும் பெரிய ரோஷக்காரன். தங்கத்தைக் கண்டா பழசெல்லாம் மறந்துடுது" என்பார். பம்பு முனகினால் அதையும் அதட்டுவார்: "இரு, உனக்கென்ன அவசரம்?"

அவசரம் பக்கத்தில் நின்றவளுக்குத்தான். காந்தத்தை அளக்கிற ஆராய்ச்சியாளர். தங்கத்தைத் தொடுகிற அந்த அடுக்குக்கு ஞாபகம் மிஞ்சுமா என்பதே அவள் கேள்வி. வெளியூர்ப் பெரிய கருவியில் மறுநாள் அவள் முறை; விட்டால் அடுத்த ஆண்டுதான். வாசலில் வண்டி தயார்.

படிவு காட்டும் முள் சட்டென்று எகிறியது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அண்ணே, ரெண்டாவது அடுக்கும் ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சும்மா. அப்படியே எடுத்துட்டுப் போறியா? அளவு நல்லாவே வரும்."

"வராம என்ன? மேல உள்ளவன் தங்கத்தைத் தொடவே இல்லையே, கடகடன்னு ஒப்பிப்பான். நான் கேக்கப் போறது கீழ உள்ளவனை. சூடு காட்டி மேல உள்ளவனை விரட்டுங்க."

"கொஞ்சம் கூடிப்போனா கீழ உள்ளவனும் உடைஞ்சுடுவான். தூளும் தீர்ந்துபோச்சு."

"தெரியும்ணே. விரட்டுங்க."

தகட்டைச் சூடேற்றினார். மேலடுக்கு கிளம்பினால் கலத்துக்குள் அழுத்தம் ஏறி இறங்கும். இருவரும் அழுத்தமானியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஏறியது. இறங்கத் தொடங்கிய கணமே சூட்டை அணைத்தார். ஆறவைத்து ஊசிமுனை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒரே அடுக்கு, நெருக்கியடித்துக்கொண்டு, உடையாமல்.

"அவன் பழசை மறந்துட்டான்னாலும் போன் பண்ணு. எனக்குத் தெரியணும்" என்றார்.

தகட்டைக் காற்றுப்புகாத சிறு பெட்டிக்கு மாற்றி, வண்டிவரை அவரே சுமந்து வந்தார். அவள் ஏறி உட்கார்ந்ததும் பெட்டியை மடியில் வைத்தார். இருக்கைப் பட்டையை இழுத்து, அவளையும் பெட்டியையும் சேர்த்து மாட்டி, இன்னொரு பிடி இறுக்கினார்.