உறைமோர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு எதிர்வீட்டு ஆச்சி, தினமும் மத்தியானம் நோயாளிகளுக்கு இலவசமாக மோர் ஊற்றுவார். நல்ல உயரம், நெற்றி நிறையத் திருநீறு. குவித்த கையில்தான் ஊற்றுவார். பாத்திரம் நீட்டினால் நகர்ந்துவிடுவார்.

இராஜபாளையம் மில்லில் கக்கூஸ் கழுவும் ஒருத்தியின் குழந்தை சீதபேதியில் குடல் புண்ணாகி வந்தது. தாயின் கையிலிருந்து அந்த மோரைக் குடித்தே தேறியது. மோரின் நல்ல கிருமிகள் குடலின் உட்தோலில் ஒட்டிக் காக்கும். ஆனால் நிலைத்துத் தங்கா, தினமும் புதிதாகப் போக வேண்டும்.

குழந்தை வீடு திரும்பும் நாளில் நான் போய்க் கேட்டேன்.

"ஆச்சி, கொஞ்சம் உறைமோர் குடுங்க. அவ வீட்டுலயே தயிர் போட்டுக்கிடுவா."

"மோரு எம்புட்டு வேணும்னாலும் குடிக்கட்டும், நர்சம்மா. உறை தர மாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"குடிச்ச மோரு அன்னைக்கோட போச்சு. உறை அப்படியா? எங்க வீட்டு உறை அவ சட்டியில உசுரோட வளருமே!"

பாத்திரத்தில் ஏன் ஊற்றுவதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. உறை யாருக்கென்று தெரிந்ததும் மற்ற வீடுகளும் கையை விரித்தன.

அடுத்த மாதமே குழந்தை அதே சீதபேதியில் துவண்டு மறுபடி வார்டுக்கு வந்தது. ஆச்சிக்குக் கண் கலங்கியது; நடிப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. தாயின் கை நிறைய ஊற்றினார். குழந்தை வாய் திறக்கவில்லை. மோர் விரலிடுக்கில் ஒழுகித் தரையில் பரவியது.