பேக்கல் கோட்டையில் செல்வி கட்டிய வீடு

2006இல் ஆயுத பூஜைக்கு, நான் வேலை பார்த்த பெங்களூர் பீன்யா ஃபாக்டரியில் மூன்று நாள் லீவு. "சொந்த வீடுதான் இல்ல, கடலையாவது காட்டுங்க" என்றாள் என் மனைவி செல்வி. கல்யாணமான நாளிலிருந்து ஸ்ரீராம்புரத்தில் வாடகை வீடு. எதிர்த்துப் பேச எனக்கு என்ன வாய் இருக்கிறது? கிளம்பிவிட்டோம்.

மெஜஸ்டிக்கில் ராத்திரி ஒன்பது மணி பஸ். மலைப்பாதையில் குலுக்கிய குலுக்கலில், தின்ற புளியோதரை தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தது. காலையில் மங்களூர். அங்கிருந்து காசர்கோடு ஐம்பது கிலோமீட்டர், பிறகு டவுன் பஸ்ஸில் பேக்கலுக்குப் பதினாறு.

கோட்டையைப் பார்த்ததும் பஸ் அலுப்பெல்லாம் போச்சு. கடலுக்குள் மூக்கை நீட்டியது போல ஒரு மேடு, அதன் மேல் சிவப்புக் கல் சுவர். அலை வந்து மோதுகிறது, கோட்டை அசைவேனா என்கிறது. டிக்கெட் ஐந்து ரூபாய்தான்.

நான் கொத்தளத்தில் ஏறிக் காற்று வாங்கிவிட்டு இறங்கினால், செல்வி சுவரோரம் உதிர்ந்து கிடந்த கல்லைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நம்ம ஊர்க் கோயில் மலைகளில் சொந்த வீடு வேண்டிக்கொண்டு அடுக்குவோமே, அதேதான்.

"எத்தனை ரூம் மேடம்?"

"உங்களுக்கு வாசல்ல பாய் போட்டிருக்கேன், போங்க."

அதற்குள் காவலாளி ஓடி வந்தார். கேரளாதான் என்றாலும் அந்தப் பக்கம் கன்னடம் நன்றாகவே ஓடுகிறது, கன்னடத்திலேயே சொன்னார். "அக்கா, உதிர்ந்த கல்லும் கோட்டைதான். விழுந்த இடத்துலயே கிடந்தாத்தான், ரிப்பேருக்கு வர்றவங்களுக்கு எது எங்கேருந்து விழுந்ததுன்னு தெரியும். பிரிச்சு வச்சிடுங்க."

செல்வி முகம் சுண்டிவிட்டது. "வேண்டிக்கிட்டுக் கட்டின வீட்டை நானே பிரிக்கிறதா? அப்புறம் இந்த ஜென்மத்துல எங்களுக்கு வீடு அமையுமா?" கண்ணில் தண்ணீர்.

காவலாளி பக்கத்தில் குந்திக்கொண்டார். "நானும் வாடகை வீடுதான் அக்கா. பிரிக்க வேணாம், வீடு மாத்துறதா நினைச்சுக்கோங்க. வெளியே கடற்கரையில கட்டலாம், வாங்க."

வாடகைக்காரிக்கு வீடு மாற்றுவது புதுசா? ஒவ்வொரு கல்லையும் எடுத்த இடத்திலேயே வைத்தாள். பிறகு கீழே மணலில் கிடந்த கூழாங்கல்லை எடுத்து மறுபடி கட்டினாள். காவலாளி மேலே ஒரு கல் வைத்தார். "மாடி எனக்கு."

"வாடகையை மாசம் அஞ்சாந்தேதிக்குள்ள குடுத்துடணும்" என்றாள் செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மழை விட்ட பிறகு போங்கள், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், நிழல் கிடையாது. கோட்டைக்குள் சின்னக் கல்லைக்கூட நகர்த்தாதீர்கள். வேண்டுதல் இருந்தால் நேரே கடற்கரைக்கு வாருங்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனை காலிதான். அக்கம்பக்கத்தில் நல்ல மனுஷங்க, அதற்கு நான் பொறுப்பு.