தெருப் பக்கம் பூத்த அவரை

பம்பாய் மாட்டுங்காவில் குளிர் சொல்லிக்கொண்டு வராது. ஐப்பசி வெக்கையில் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே இருப்போம். ஒரு விடிகாலை குழாயடியில் தண்ணீர் சில்லென்று கையைக் கடிக்கும். தெருக்கோடியில் பனிமூட்டம் நிற்கும், அதற்குள்ளிருந்து டிராம் மணி மட்டும் கேட்கும். அந்த வேளையில் பாதித் தூக்கத்தில் என் அவரைக்கொடியைப் பார்த்தபடி நின்றுவிடுவேன். அதனால் பால் பொங்கி அடுப்பு அணைந்த நாட்கள் உண்டு.

கொடி ஏறியிருந்த சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில், குண்டு விழுந்தால் சிதறல் உள்ளே வராமலிருக்க, கட்டிட வாசல்களுக்கு முன்னால் ஆளுயரத்துக்கு மேல் செங்கல் சுவர் எழுப்பினார்கள். எங்கள் வீடு கீழ்த்தளம். சுவர் வந்ததும் வராந்தா இருண்டுவிட்டது. குண்டு ஒன்றும் விழவில்லை. மூன்று வருஷம் வெயில்தான் விழவில்லை.

அதில் நஷ்டம் என் மாமனாருக்கு. முழங்கால் இரண்டும் வீங்கி, கட்டிலிலிருந்து வராந்தா நாற்காலி வரைதான் அவருடைய நடை. வாசலின் மூன்று படி இறங்க முடியாது. தெற்குப் பார்த்த வராந்தா அது. சூரியன் சாய்ந்து போகும் குளிர்கால இரண்டு மாசம் மட்டும் வெயில் நாற்காலி வரை வரும். முன்பெல்லாம் அதில் காலை நீட்டிக் காய்ந்தால் வலி விட்டுவிடுமாம். "சண்டை முடியட்டும், சுவர் போகட்டும், என் வெயில் வந்துடும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

எனக்கோ சுவர் வசதியாகப் போயிற்று. ஆடியில் அதன் தெருப் பக்கம் நாலு அவரை விதை ஊன்றினேன். அரிசி களைந்த தண்ணீரும் அடுப்புச் சாம்பலும் போட்டுப் போட்டு வளர்த்தேன். எங்கே பார்த்தாலும் இலைதான். "நன்னாத் தலை வாரிண்டு நிக்கறது உன் கொடி! எப்போ காய்க்கறதாம்?" என்று மாடி வீட்டு மாமி கேலி செய்வாள். எரிச்சலாக வரும். அவரைக்குக் குளிர் வேண்டும் என்று அவளுக்கு எங்கே தெரியும்!

சண்டை முடிந்தது. கார்த்திகையில் குளிர் இறங்கியதும் ஊதாப் பூ சரம் சரமாக வந்தது. எல்லாம் வெயிலைத் தேடித் தெருப் பக்கம். படியிறங்கிப் போய் நின்றால்தான் கண்ணில் படும். "இந்த வருஷம் திருவாதிரைக் களிக்கு எங்காத்து ஏழுகறிக் கூட்டுல எங்காத்து அவரைக்காய்தான்" என்று மாமியிடம் சவால் விட்டேன்.

மார்கழி பிறக்கிற சமயம், பிஞ்சு விட்டிருக்கும்போது, சுவரை இடிக்க முனிசிபல் ஆட்கள் கடப்பாரையோடு வந்து நின்றார்கள். மேஸ்திரி மராட்டிக்காரர். "புட்டா பஹுத் பீமார்! ஆவாஜ் நக்கோ!" என்றேன். உள்ளே பெரியவருக்கு உடம்பு ரொம்ப மோசம், சத்தம் கூடாது, பதினைந்து நாள் கழித்து வாருங்கள் என்று கையை ஆட்டி ஆட்டிப் புரியவைத்தேன். பச்சைப் பொய். மேஸ்திரி சுவரைச் சுற்றி வந்து வராந்தாவுக்குள் எட்டிப் பார்த்தார். நாற்காலியில் இருந்த மாமனார் கண்ணை மூடிக்கொண்டு பெரிதாக முனகினார். மேஸ்திரி ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆட்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "அப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"முனகல் போறுமா, கொழந்தே? இன்னும் ரெண்டு போட்டிருக்கலாமோ?" என்று ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "மூணு வருஷம் இருந்தாச்சு. பதினஞ்சு நாள் இருக்க மாட்டேனா?"

திருவாதிரையன்று பனி கலையுமுன் முறம் நிறையப் பறித்தேன். காயெல்லாம் ஈரமாக இருந்தது. மாமனார் கூட்டை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாடி மாமி கிண்ணத்தை வழித்துத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கு முழுக்க என் கால் தரையில் பாவவில்லை.

பதினைந்து நாள் ஆயிற்று. ஆட்கள் வரவில்லை. அவர்கள் வேறு தெருக்களுக்குப் போய்விட்டார்கள். கடப்பாரைச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்கும், மாமனார் தலையை நிமிர்த்திக் கேட்பார். பொங்கல் போயிற்று. என் வீட்டுக்காரர் முனிசிபல் ஆபீசுக்கு இரண்டு தடவை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மாசி கடைசியில்தான் வந்தார்கள். ஒரே காலையில் சுவர் விழுந்தது, காய்ந்த கொடியும் அதோடு போயிற்று.

நாற்காலியை வராந்தா விளிம்புக்கே இழுத்துப் போட்டேன். ஆனால் குளிர்காலம் போய், சூரியன் அதற்குள் மேலே ஏறிவிட்டிருந்தது. மாடி பால்கனி நிழலுக்கு அப்பால், படியோடு வெயில் நின்றுவிட்டது. அவர் காலை நீட்டிப் பார்த்தார். ஒரு சாண் எட்டவில்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

"அடப் போ, அசடே. இந்த வருஷத்து வெயிலைத்தான் நான் கூட்டுல சாப்டுட்டேனே. நன்னாத்தான் இருந்தது" என்றார்.

மறு வருஷம் நான் அவரை போடவில்லை. கார்த்திகையில் வெயில் தடையில்லாமல் உள்ளே வந்து நாற்காலி வரைக்கும் ஏறியது. அவர் ஆவணியிலேயே போய்விட்டார். அந்த நாற்காலியில் நான் ஒரு நாளும் உட்காரவில்லை.